ஏழைகளுக்குச் செல்போன் மானியம் தேவையா? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் என்று நம் பக்கத்தில் எங்கே இந்தப் பேச்சு வந்தாலும், மகளிர் குழுக் கூட்டமானாலும் டீக்கடையானாலும், திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கம் செல்போனுக்குப் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் உருப்படுமா, யார் வீட்டுப் பணம் அது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்க வேண்டும், ஆனால் போன் வாங்கித் தர வேண்டாம், மாதா மாதம் ரீசார்ஜுக்குக் கொடுக்க வேண்டும். காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சோற்றுக்கே திண்டாடுகிறவர்களுக்குப் போன் எதற்கு?

ஏனென்றால் நம் ஊரில் கூலி வேலையே இப்போது போன் வழியாகத்தான் வருகிறது. கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவ, காய் நறுக்க நான்கு பேர் வேண்டும் என்றால் சமையல் மாஸ்டர் முதல் நாள் சாயங்காலம் போன் போட்டுக் கூப்பிடுகிறார். எடுக்காதவரை விட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுகிறார். அரிசி ஆலைக்கு லோடு வந்தால் ஏற்றி இறக்க ஆள் சேர்ப்பதும் இப்படித்தான். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவருக்கு மேஸ்திரியிடமிருந்து, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீட்டுக்காரரிடமிருந்து, வீட்டில் உட்கார்ந்து கை முறுக்கும் மணகோலமும் சீப்புச் சீடையும் செய்து கொடுக்கிற பெண்ணுக்கு ஆர்டர் கொடுப்பவரிடமிருந்து என்று எல்லாமே அந்தச் சின்னத் திரையில்தான் வந்து சேருகிறது. போன் அணைந்திருக்கும் வாரத்தில் அவர்களுக்குக் கூலியும் இல்லை.

அப்புறம் அரசாங்கம் இருக்கிறது. ஆதாரில் எதைத் தொட்டாலும் ஓடிபி. விவசாயிகளுக்கான 6,000 ரூபாய் உதவித்தொகைக்கு கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு. கேஸ் புக் செய்ய போன். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் கேட்டால் முதல் கேள்வியே நம்பர் என்ன என்பதுதான். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, விண்ணப்பம் தள்ளுபடி ஆனவர்களுக்கு அதற்கான காரணம் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பப்பட்டது, 30 நாளுக்குள் இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த நம்பர் அந்த மாதம் உயிரோடு இல்லாத பெண்ணுக்குக் காரணம் எப்படிப் போய்ச் சேரும்? அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பணம் வந்தது தெரியும், தனக்கு ஏன் வரவில்லை என்பது தெரியாது.

என் வாதத்தின் அடிப்படையே இதுதான். உரிமை கேட்டு வருகிறவரிடம் போன் நம்பரை நிபந்தனையாக வைத்தது அரசாங்கம். வைத்த பிறகு அந்த நம்பரை உயிரோடு வைத்திருக்கும் செலவில் ஒரு பங்கை அதுவே ஏற்கத்தான் வேண்டும்.

போன் வந்ததால் ஏழைகளின் வருமானம் கூடியது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான கேரளத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1997 முதல் 2001 வரை அங்கே வடக்குக் கடற்கரையில் செல்போன் படிப்படியாக வந்தது. மத்தி பிடிக்கிறவர்கள் அதற்கு முன் எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாமல் தங்கள் கரைக்கே வந்து இறங்குவார்கள். ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் ஜனங்கள் திரும்பிப் போவார்கள். போன் வந்ததும் கடலிலிருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. இரண்டு பக்கமும் நன்மை.

கென்யாவில் 2007-ல் எம்-பெசா என்று சாதாரணப் பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் முறை வந்தது. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, அதனால் அந்த நாட்டில் சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மேலே வந்தன என்று கணக்கிட்டது. மொத்தக் குடும்பங்களில் 2 சதவீதம்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இவை போன் வந்ததால் கிடைத்த நன்மைகள். மானியம் கொடுத்ததால் கிடைத்தவை அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பேசினால் வாதம் நிற்காது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: போன் ஏழைக்கு ஆடம்பரம் என்பது தவறு, அது வேலைக்கான கருவி.

இப்போது யார் கையில்தான் போன் இல்லை? எல்லாரிடமும் இருக்கிறதே?

வீட்டில் இருக்கிறது, எல்லார் கையிலும் இல்லை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம் ‘நீங்களே பயன்படுத்தும் போன் இருக்கிறதா’ என்று கேட்டார்கள். நாடு முழுக்க 54 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். தமிழ்நாட்டில் சுமார் முக்கால் பங்குப் பெண்கள். நாம் மேல்தான், ஆனால் நான்கில் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று போன் இல்லை என்றும் அதற்கு அர்த்தம். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களை அந்தக் கணக்கு எடுக்கவே இல்லை. நம் ஊரில் தனியாக இருக்கிற விதவைகள், அப்பத்தாக்கள் எல்லாம் அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

இருக்கிற போனும் பல வீடுகளில் காலையில் புருஷனோடு வேலைக்குப் போய்விடுகிறது. 2020-ல் பள்ளிகளை மூடி வாட்ஸப்பில் பாடம் அனுப்பினார்களே, அப்போது ஒரு போனை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் ராத்திரி அப்பா வருகிறவரை காத்திருந்த வீடுகள் நம் தெருக்களிலேயே இருந்தன. கல்வித் தொலைக்காட்சி கொஞ்சம் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் ரீசார்ஜ் போடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

இதைத்தான் வசதி உள்ளவர்கள் புரிந்துகொள்வதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு தடவை சிம் வாங்கினால் காசு போடாவிட்டாலும் இன்கமிங் வந்துகொண்டே இருக்கும். மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளிய தலைமுறை நாம். இப்போது அப்படி இல்லை. பிளான் முடிந்தால் முதலில் அவுட்கோயிங் போகும், சில நாளில் இன்கமிங்கும் எஸ்எம்எஸ்ஸும் நிற்கும், எஸ்எம்எஸ் நின்றால் ஓடிபி நின்றது. ஓடிபி நின்றால் பேங்க், ஆதார், கேஸ் எல்லாமே ஒரு மூலையில் போய் நிற்கும். 90 நாள் அந்த நம்பரில் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் கம்பெனி இணைப்பையே துண்டித்துவிடலாம். கணக்கில் 20 ரூபாய் மிச்சம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது, ஆனால் அந்த 20 ரூபாயை நம்பரில் வைத்திருக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

துண்டித்த நம்பரை அப்படியே போட்டுவிடுவதும் இல்லை. கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். அதாவது ஒரு அம்மாவின் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் ரேஷன் கார்டிலும் எழுதியிருக்கிற நம்பர், கோயம்புத்தூரிலோ தர்மபுரியிலோ முகம் தெரியாத ஒருவர் பையில் இருக்கும். இவருக்கு வர வேண்டிய ஓடிபி அவருக்குப் போகும். திரும்ப எல்லா இடத்திலும் நம்பரை மாற்ற வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு போகும், இ-சேவை மையத்தில் வரிசை, பேங்கில் இன்னொரு வரிசை, கேஸ் ஏஜென்சியில் இன்னொன்று. பங்குனியிலும் சித்திரையிலும் வயல் வேலை குறைந்து கையில் காசு இல்லாமல் போகிற சமயத்தில்தான் இது நடக்கிறது, உதவி அதிகம் தேவைப்படுகிற அதே சமயத்தில்.

ரீசார்ஜ் அப்படி என்ன பெரிய செலவு?

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலையை ஏற்றிய பிறகு, 28 நாள் பிளான் குறைந்தது 190, 200 ரூபாய் என்று ஆகிவிட்டது. 28 நாள் என்பதால் வருஷத்துக்கு 12 அல்ல, 13 தடவை போட வேண்டும். 199 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,587 ரூபாய். ஒரு வீட்டில் இரண்டு நம்பர் என்றால் ஐயாயிரத்தைத் தாண்டும். நாள் கூலிக்குப் போகிற பெண்ணுக்குப் பல நாள் சம்பளம் அது.

இன்னொன்று. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் சொன்னது. சரியான உத்தரவு. 2025 தொடக்கத்தில் பிளான்களும் வந்தன. ஆனால் 84 நாளுக்கு நானூறு சொச்சம், 365 நாளுக்கு 1,800 ரூபாய்க்கு மேல் என்று மொத்தமாகக் கட்டும்படி வந்தன. மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய் சொச்சத்தில் முடிகிறது. முடியாதவர் 28 நாள் பிளானில் நாளைக்கு 7 ரூபாய் கட்டுகிறார். காசு இல்லாதவர்தான் கூடுதலாகக் கட்டுகிறார்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 199 ரூபாயில் ஜிஎஸ்டி மட்டும் 30 ரூபாய். போனுக்கும் 18 சதவீதம். 2020 ஏப்ரலுக்கு முன் 12 ஆக இருந்ததை ஏற்றினார்கள். கடையில் 6,000 ரூபாய் கொடுத்து ஒரு டச் போன் வாங்கினால் அதில் 900 ரூபாய்க்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறது. இலவசம் கேட்கிறார்கள் என்று பேசும்போது இந்தக் கணக்கையும் யாராவது சொல்ல வேண்டும்.

இலவசப் போன் கொடுத்த மாநிலங்களில் என்ன ஆனது?

சத்தீஸ்கரில் 2018-ல் ரமண் சிங் அரசு சஞ்சார் கிராந்தி திட்டம் என்று சுமார் 50 லட்சம் பேருக்கு ஸ்மார்ட்போன் கொடுக்கக் கிளம்பியது, முக்கியமாகப் பெண்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். அந்த டிசம்பரிலேயே ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. ராஜஸ்தானில் அசோக் கெலாட் அரசு 2023 ஆகஸ்ட் 10 அன்று இந்திரா காந்தி ஸ்மார்ட்போன் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 40 லட்சம் பெண்கள், ஆளுக்கு 6,800 ரூபாய், போனுக்கும் சிம்முக்கும் சேர்த்து. மொத்தம் 1 கோடியே 35 லட்சம் பெண்களுக்கு என்று சொல்லப்பட்டது. டிசம்பரில் அங்கேயும் ஆட்சி மாறியது, அதோடு சரி. நம் தமிழ்நாட்டில் 2016 தேர்தலில் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இலவசச் செல்போன் என்று அதிமுக தேர்தல் அறிக்கையில் இருந்தது. ஜெயித்தார்கள், போன் வரவில்லை.

மூன்றிலும் பார்த்தால், தேர்தலை ஒட்டிய அவசரம், போன் என்கிற பொருள்மேல் கவனம், கொடுத்த பிறகு என்ன என்ற யோசனை குறைவு. போன் இரண்டு மூன்று வருஷம் ஓடும். கீழே விழுந்து டிஸ்ப்ளே போனால் 1,500, 2,000 என்று செலவு. பாதிப் பேர் மாற்றமாட்டார்கள். கொடுத்தவர் ஆட்சியில் இல்லை என்றால் கேட்கவும் ஆளில்லை. டிவி, மிக்சி, கிரைண்டர் அப்படி இல்லை, கொடுத்தால் வருஷக்கணக்கில் ஓடும், மாதா மாதம் கம்பெனிக்குப் பணம் கட்டவும் வேண்டாம். அதே அச்சில் போனையும் வார்க்கப் பார்த்ததுதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

பட்டன் போன் இன்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கிறது. மகனோ மகளோ பழைய டச் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன் கிடைக்காமல் நிற்கிறவர்களைவிட, கையில் போன் இருந்தும் ரீசார்ஜ் இல்லாமல் நிற்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஏழைகளுக்குப் போன் கொடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அங்கேயும் அரசு முக்கியமாகக் கொடுப்பது மாதக் கட்டணத்துக்கான தள்ளுபடி. திட்டத்தின் பெயர் லைஃப்லைன். 1985-ல், ரீகன் அதிபராக இருந்தபோது, வீட்டுத் தொலைபேசிக்காகத் தொடங்கினார்கள். 2005-ல் கத்ரீனா புயல் வந்து வீடு வாசல் போனவர்களுக்கு உதவப்போய், செல்போனுக்கும் அது விரிந்தது. 2016-ல் இன்டர்நெட்டையும் சேர்த்தார்கள். மாதம் 9.25 டாலர் தள்ளுபடி, பழங்குடி நிலங்களில் இன்னும் கூடுதல். ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். நம் ரேஷன் மாதிரி அங்கே உள்ள உணவு உதவித் திட்டத்தில் இருப்பவர்கள், மருத்துவ உதவி பெறுகிறவர்கள், வறுமைக் கோட்டின் 135 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் வாங்கலாம். ‘ஒபாமா போன்’ என்று அதை எதிர்த்தவர்கள் பட்டம் கட்டினார்கள், ஆனால் ஒபாமா வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே தொடங்கிய திட்டம் அது.

அங்கேயும் ஓட்டை இருந்தது. 2017-ல் அவர்களுடைய அரசுத் தணிக்கை அமைப்பு சுமார் 35 லட்சம் பேரின் பதிவைச் சோதித்தபோது 36 சதவீதம் பேருக்குத் தகுதி இருக்கிறதா என்று உறுதி செய்ய முடியவில்லை. தகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கம்பெனிகளிடமே விட்டுவைத்தது முக்கியக் காரணம். ஆள் சேர்த்தால் அவர்களுக்குத்தானே பணம். பிறகு அதை எடுத்து ஒரு பொது அமைப்பிடம் கொடுத்தார்கள். நாம் செய்தால் இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பாடம், கோவிட் காலத்துக்குப் பிறகு அங்கே இன்டர்நெட்டுக்கு மாதம் 30 டாலர் தரும் திட்டம் வந்து 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் 2024-ல் அது நின்றுபோனது. லைஃப்லைன் மட்டும் நாற்பது வருஷமாக நிற்கிறது, ஏனென்றால் அதற்கென்று தனி நிதி உண்டு.

அப்படியென்றால் இங்கே பணம் எங்கிருந்து வரும்? நம் வரிப்பணம்தானே?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நகரத்தார் வியாபாரத்தில் வரும் பணத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொடுத்தார்களே, அதுபோல ஒன்று டெலிபோன் வியாபாரத்துக்கும் ஏற்கெனவே இருக்கிறது. 2002 ஏப்ரலிலிருந்து தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை யுஎஸ்ஓ நிதி என்ற பொதுச்சேவை நிதிக்காகக் கட்டிவருகின்றன. கிராமங்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் தொலைபேசி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே வசூலிக்கும் பணம். 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அதன் பெயரை டிஜிட்டல் பாரத் நிதி என்று மாற்றியது. 2024-ல் வந்த விதிகளில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் என்று பயனாளிகளையும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் வசூலான பணத்தில் கணிசமான தொகை செலவாகாமலே கிடந்தது என்பது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்ட விஷயம். கோபுரம் கட்டவும் கேபிள் இழுக்கவும் அந்த நிதியில் எடுத்தார்கள், அது வேண்டியதுதான். ஆனால் கோபுரத்தின் கீழே நிற்கிற பெண்ணின் கையிலிருக்கும் போன் செத்துக் கிடந்தால் கோபுரத்தால் அவளுக்கு என்ன லாபம்?

தொகையைப் பார்ப்போம். மாதம் 100 ரூபாய் வீதம் தமிழ்நாட்டில் 1 கோடிப் பேருக்குக் கொடுத்தால் வருஷத்துக்கு 1,200 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு வருஷத்துக்கு 13,000 கோடிக்கு மேல் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறதே, அதிலேயே ரீசார்ஜ் போட்டுக்கொள்ளலாமே?

எதிர்த்துக் கேட்பவர்களின் கேள்விகளில் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது இது. காசாகக் கொடுத்துவிட்டு எதற்குச் செலவு செய்வது என்பதை அந்தப் பெண்ணிடமே விடுவதுதான் மரியாதை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே குழுத் தவணைக்கும் மளிகைக் கடைப் பாக்கிக்கும் கணக்கு முடிந்துவிடுகிறது. வீட்டில் எதை முதலில் வெட்டுவார்கள் என்றால் அவளுடைய ரீசார்ஜைத்தான். மகன் போனையும் புருஷன் போனையும் வெட்டமாட்டார்கள். நேரடியாக அவள் பெயரில் உள்ள நம்பருக்கே போய் விழுகிற மானியத்தை யாரும் எடுத்து வேறு எதற்கும் கொடுக்க முடியாது. உரிமைத் தொகை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் மறக்கக் கூடாது.

யாருக்குக் கொடுப்பது?

முன்னுரிமைக் குடும்ப அட்டை, அந்தியோதயா அட்டை வைத்திருப்பவர்கள், முதியோர் மற்றும் விதவை உதவித்தொகை வாங்குகிறவர்கள், மாற்றுத்திறனாளிகள். இந்தப் பட்டியல்கள் எல்லாம் அரசாங்கத்திடமே இருக்கின்றன, புதிதாக மனு, ஜெராக்ஸ், கையெழுத்து என்று அலைய வைக்கவே தேவையில்லை.

100 நாள் வேலைத் தளப் பொறுப்பாளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலையிடத்திலும் செயலியில் தினம் இரண்டு தடவை போட்டோ எடுத்துத்தான் வருகை பதிய வேண்டும் என்று ஆனது. போட்டோ ஏறாவிட்டால் அத்தனை பேர் கூலிக்கும் சிக்கல். அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள், சொந்தப் போனில், சொந்த டேட்டாவில். இவர்களுக்குக் கொடுப்பதை மானியம் என்றே சொல்லக் கூடாது, பாக்கி என்று சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: வீட்டைப் பார்த்து வசதியை எடைபோடக் கூடாது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருப்பார். வீட்டில் பத்துப் பதினைந்து பங்கு, விற்கவும் முடியாது, கூரை ஓடுகளை மாற்றவும் பணமில்லை, அவருடைய வருமானம் பிள்ளை அனுப்புகிறது மட்டும். வெளியிலிருந்து வந்து சர்வே எடுக்கிறவர் கதவில் இருக்கிற பர்மாத் தேக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆச்சியும் தன் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்கமாட்டார், கௌரவம் விடாது.

பெண்கள் பெயரில் கொடுத்தாலும் போனை ஆண்கள்தானே வைத்துக்கொள்கிறார்கள்?

சில வீட்டில் அப்படித்தான் நடக்கும். இதற்கு முழுத் தீர்வு எந்தத் திட்டத்திலும் இல்லை. சிம் அவள் பெயரில், ஆதார் இணைப்பு அவள் பெயரில், மானியம் அந்த நம்பருக்கு மட்டும் என்று வைத்தால் போனை வேறு யார் பிடித்திருந்தாலும் நம்பர் அவளுடையதாக இருக்கும். நாளைக்கு ஒரு பட்டன் போனில் அந்தச் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம். கையில் இருப்பதற்கும் பெயரில் இருப்பதற்கும் நிலத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று நமக்குத் தெரியும், நம்பரிலும் அப்படித்தான்.

ரீல்ஸ், ரம்மி, கடன் ஆப், ஏமாற்றுக் கால் இதற்கெல்லாம் அரசாங்கமே காசு கொடுப்பதா?

பயம் நியாயமானது. கடன் ஆப்பில் மாட்டி அவமானப்பட்ட குடும்பங்களையும், போலீஸ் பேசுகிறோம் என்று சொன்னதை நம்பிச் சேமிப்பை இழந்த பெரியவர்களையும் நாம் எல்லாருமே அறிவோம். அதனால்தான் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் அடிப்படை மானியமாக இருக்கட்டும், டேட்டா வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும் என்கிறேன். பட்டன் போனிலேயே பணம் அனுப்ப யுபிஐ 123பே என்ற வசதி 2022 மார்ச்சிலிருந்து இருக்கிறது, அதைக் குழுக் கூட்டங்களில் சொல்லிக் கொடுத்தால் போதும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும் என்பதை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் ஏமாறுவார்கள் என்பதற்காக ஏழைக்குப் போனே கூடாது என்கிற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், அதிகாரிகள்தான் பெரிய தொகைக்கு ஏமாந்திருக்கிறார்கள், அவர்கள் கையிலிருந்து யாரும் போனைப் பிடுங்கவில்லை.

இலவசங்களுக்கு உச்ச நீதிமன்றம் தடை போடவில்லையா?

இல்லை. 2006-ல் இலவச டிவி, 2011-ல் லேப்டாப், மிக்சி என்று நம் மாநிலத்தில் கொடுத்ததை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது, தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறிகள் வகுக்கட்டும் என்றும் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று வேறொரு வழக்கில், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் கேஒய்சி செய்ய முடியாமல் தவிப்பதைப் பற்றியது அது, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது.

டவரே கிடைக்காத இடத்தில் மானியம் எதற்கு?

கிடைக்காத இடத்தில் முதலில் டவர்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நம் ஊரில் சுவர் வேறு கனம், உள்கட்டில் இருந்தால் கால் வராது, திண்ணைக்கு வந்துதான் பேச வேண்டும். மானியத்தை எந்தக் கம்பெனி சிம்முக்கும் செல்லும்படி வைத்தால், தன் ஊரில் எது எடுக்கிறதோ அதை அவரவர் வைத்துக்கொள்ளலாம். ஒரே கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுக்கிற தவறு மட்டும் வேண்டாம்.

எங்கள் அப்பத்தா போனே வேண்டாம் என்கிறார். கட்டாயமா?

கட்டாயமாக்கவே கூடாது. மானியம் கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் போனில்தான் என்று அரசாங்கம் கதவை மூடினால் நான் இந்தத் திட்டத்தையே எதிர்ப்பேன். போன் இல்லாத வழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது, அந்த மாதிரி ஏற்பாடு இன்னும் வேண்டும்.

கைரேகை இருக்கிறதே என்பார்கள். ஆத்தங்குடியில் காலமெல்லாம் சிமென்ட்டிலும் மணலிலும் கை வைத்தவர்கள், களை பறித்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள் கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷின் நாலு தடவை வைத்தாலும் எடுக்காது. அப்போது மெஷின் அடுத்துக் கேட்பது ஓடிபி. ரேகையும் இல்லை, நம்பரும் இல்லை என்றால் அவர் எங்கே போவார்? கடைக்காரரோ அதிகாரியோ ஆளைப் பார்த்து, கார்டைப் பார்த்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் அதிகாரம் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்.

என் நம்பர் ஏற்கெனவே கட்டாகிவிட்டது. மானியம் வருகிறபோது வரட்டும், இப்போது என்ன செய்வது?

முதலில் அதே நம்பர் திரும்பக் கிடைக்குமா என்று கம்பெனிக் கடையில் கேளுங்கள். துண்டித்துச் சில நாள்தான் ஆகிறது என்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைக்காது என்றால் புது சிம்மை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பையன் பெயரிலோ கடைக்காரர் பெயரிலோ வாங்காதீர்கள். அடுத்து பேங்குக்குப் போய்ப் பழைய நம்பரை எடுக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது, பழைய நம்பர் இன்னொருவர் கைக்குப் போவதற்குள் முடித்துவிட வேண்டும். பிறகு ஆதார். ஆதார் மையத்துக்கு நேரில் போய் ரேகை வைத்து மாற்றலாம், கட்டணமும் உண்டு. நடக்க முடியாதவர்கள் உங்கள் ஊர்த் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள், அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி மூலம் அவரே வீட்டுக்கு வந்து ஆதாரில் நம்பரை மாற்றிக் கொடுக்கிற வசதி இருக்கிறது. ரேஷன் கார்டையும் கேஸையும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.